சூடு ஆறாத சீட்

இரவு இரண்டு மணி பத்து நிமிடம்.

ஆள் அரவம் இல்லாத சாலை. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல். கடைசியாகப் பார்த்த விளக்கு ஒரு பெட்ரோல் பங்க் விளக்கு, அதுவும் இருபது கிலோமீட்டர் பின்னால் போய்விட்டது. அந்த இருட்டில் மூன்று சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. முன்னால் மூன்று வெள்ளை விளக்கு, பின்னால் மூன்று சிவப்பு. தார் ரோட்டில் டயர் உரசும் ஸ்ஸ்ஸ்... என்ற சத்தம். அதற்கு நடுவே இன்னொரு சத்தம். கிறீச்... கிறீச்... கிறீச்...

இது எனக்கு நடந்ததில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் நண்பன் ஒருவன், கரண்டு கம்பம் ஏறுகிற லைன்மேன். அவனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. லைன்மேனும் அன்றைக்குக் கூடவே இருந்தான். சந்தேகம் இருந்தால் அவனையே கேளுங்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மட்டும் கேட்காதீர்கள், தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விடுவான்.

அந்த அக்கா வீட்டுக்காரரை எல்லோரும் சோப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை எட்டு மணிக்கு ஊரில் உள்ளவர்களின் மூத்திரமும் மலமும் சளியும் குட்டிக் குட்டி டப்பாக்களில் அவர் மேஜைக்கு வந்து வரிசையாக நிற்கும். கையுறை மாட்டிக்கொண்டால் மனிதர் மூக்கைக்கூடச் சுளிக்க மாட்டார். கையுறையைக் கழற்றிவிட்டால் வேறு ஆள். சோப்பில் ஒரு முடி ஒட்டியிருந்தால் சோப்பையே தூக்கி எறிவார். பஸ்ஸில் ஒருவர் எழுந்துபோன இடம் சூடாக இருந்தால், அது ஆறும்வரை பக்கத்திலேயே நின்றுகொண்டு வருவார். "உக்காருங்க சார், எடம் காலியாத்தானே இருக்கு" என்று யாராவது சொன்னால், "இன்னும் காலி ஆகல" என்பார்.

இப்படிப்பட்டவருக்கு எதற்கு நெடுந்தூர சைக்கிள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஒருவர் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி அடுத்தவர் முன்சக்கரம் போக வேண்டும். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிப்பார், பின்னால் வருகிறவருக்குப் பாதி உழைப்பு மிச்சம். ஆனால் முன்னால் போகிறவர் துப்பினாலும், மூக்கைச் சிந்தினாலும், வேர்த்துக் கொட்டினாலும் அதுவும் பின்னால் வருகிறவருக்குத்தான். சோப்பு முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு அதையும் சகித்தார்.

காரணம் இருந்தது. நாற்பத்தாறு வயதாகிறது, முழுசாக முடித்தது என்று காட்ட அவரிடம் ஒன்றுமில்லை. டாக்டருக்குப் படிக்கப் போனவர் பாதியில் நின்றார். வீட்டு மாடி தூண் மட்டும் எழும்பிக் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. மாமனார் ஒருநாள் விருந்தில் வைத்து, "நம்ம மாப்பிள்ளைக்கு எதுவும் அரைதான்" என்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அவருக்கு இறங்கவே இல்லை.

அந்தப் பயணம் அறுநூறு கிலோமீட்டர். நாற்பது மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நடுநடுவே முத்திரை குத்தும் இடங்கள் இருக்கும், கையில் ஒரு அட்டை. இரண்டு வருடமாகப் போகிறார். இரண்டு தடவையும் நானூறாவது கிலோமீட்டர் பக்கத்தில் பின்பக்கம் புண்ணாகி, தோல் உரிந்து, ஓட்ட முடியாதவர்களை அள்ளிக்கொண்டு வரும் வேனில் ஏறி வந்தார். அவர் மனைவி, "ஒங்க புண்ணுக்கு மருந்து போட்டே என் கைரேகை அழிஞ்சுபோச்சு" என்றார். சைக்கிள் கூட்டத்துக்குத் தலைவர் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். அவர், "சோப்பு, இந்தத் தடவையும் வேன்ல ஏறினேன்னா, அடுத்த வருஷம் ஒன்ன வேன் ஓட்டவே கூட்டிட்டுப் போறேன்" என்றார். மூன்றாவது தடவை எப்படியாவது முடித்துவிட வேண்டும். அதுதான் அவருடைய ஒரே வெறி.

அந்த வெறியில்தான் சைக்கிள் கடைக்குப் போனார். கடைக்காரர் உள்ளே போய், கொக்கியில் மாட்டியிருந்த ஒரு சீட்டை எடுத்துவந்தார். தோல் சீட். இரும்புச் சட்டத்தின் மேல் தடித்த மாட்டுத்தோலை இழுத்து ஆணி அடித்தது, அடியில் இரண்டு சுருள் ஸ்பிரிங். தோல் கறுத்து வழவழவென்று இருந்தது. நடுவில் பக்கத்துக்கொன்றாக இரண்டு பள்ளம்.

"புதுத் தோல் ஒங்களுக்குப் பழகணும்னா ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டணும், அதுக்குள்ள ஒங்க இடுப்பு போயிரும்" என்றார் கடைக்காரர். "இது இருவதாயிரம் ஓடினது. பழகிக் கெடக்கு."

"யாரோடது?"

"இப்ப அவரு ஓட்டறதில்ல."

சோப்பைத் தடித்த அட்டை ஒன்றின் மேல் உட்காரவைத்து எழுப்பினார். உட்காரும் எலும்பு இரண்டும் அட்டையில் இரண்டு குழி விட்டிருந்தன. அந்த அட்டையைச் சீட்டின் மேல் வைத்துப் பார்த்தார். குழியும் பள்ளமும் அச்சு அசலாகப் பொருந்தின. பத்து நாளில் பயணம். யாரோ உட்கார்ந்து தேய்த்த தோல். இருந்தாலும் ஆபத்துக்குப் பாவமில்லை என்று வாங்கிவிட்டார். சும்மா கிடந்த ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டான் என்பார்களே, அந்த வேலை.

வீட்டுக்கு வந்து ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். பஞ்சு மஞ்சளாக வந்தது. மறுபடி துடைத்தார். மறுபடியும் மஞ்சள். ஏழாவது தடவையும் மஞ்சள்தான். மூன்று நாள் வெயிலில் வைத்தார். தோலுக்கு என்று விற்கிற கொழுப்பைக் கையுறை போட்டுக்கொண்டு தடவினார். தடவத் தடவ உள்ளே இழுத்துக்கொண்டது. ஒருவருடைய முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது போல இருந்தது என்று பிறகு சொன்னார். சொல்லும்போதே கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டார்கள். டிரில் மாஸ்டர், லைன்மேன், சோப்பு. சீட் சொர்க்கமாக இருந்தது. நூறு கிலோமீட்டர், நூற்றைம்பது... ஒரு சின்ன எரிச்சல்கூட இல்லை. ஸ்பிரிங் மட்டும் கிறீச் கிறீச் என்று பேசிக்கொண்டே வந்தது. சோப்பு பாட்டுக்கூடப் பாடினார். "மாமா, பாட்ட நிறுத்துங்க, இல்லன்னா நான் வேன்ல ஏறிக்கறேன்" என்றான் லைன்மேன்.

முதல் முத்திரை இடத்தில் கால் மணி நேரம் நின்றார்கள். திரும்பி வந்து ஏறியபோது சீட் சூடாக இருந்தது. வெயில் என்று நினைத்தார்.

இரண்டாவது இடத்துக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தார்கள். சைக்கிளை ஒரு கட்டடத்தின் உள்வராந்தாவில், நிழலில், ஈரச் சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தார். அரை மணி நேரம். வந்து சீட்டில் கை வைத்தார்... சூடு. இரும்புச் சட்டம் ஜில்லென்று இருக்கிறது. பக்கத்தில் மாஸ்டரின் சீட் ஜில்லென்று இருக்கிறது. இது மட்டும் சூடு. அதுவும் வெயில் சூடு இல்லை. அவருடைய பரிசோதனைக் கூடத்தில் கிருமி வளர்க்கிற பெட்டி ஒன்று உண்டு, இருபது வருடமாக அதைத் திறந்து மூடிய கை. எத்தனை டிகிரி என்று கைக்கே தெரியும். முப்பத்தேழு. மனித உடம்பின் சூடு.

"யாராவது என் சைக்கிள்ல உக்காந்தீங்களா?"

"எங்க சீட்டுலயே உக்கார முடியல, ஒன்னுதுல வேறயா?" என்றார் மாஸ்டர்.

சோப்புக்கு உடம்பு கூசியது. ஒரு பாலிதீன் பையை எடுத்துச் சீட்டின் மேல் போட்டு, அடியில் இறுக்கிக் கட்டினார். பிறகுதான் உட்கார்ந்தார்.

இரவு பத்து மணிக்கு முந்நூறாவது கிலோமீட்டர். சாப்பிட நிறுத்தினார்கள். ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றுவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பையின் உள்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாக நீர் கோத்திருந்தது. யாரோ பைக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது போல. இரண்டு பள்ளத்திலும் தண்ணீர் தேங்கி நின்றது. தண்ணீர் என்று சொல்கிறேன்... தண்ணீர் இல்லை. கொஞ்சம் மஞ்சள். கொஞ்சம் பிசுபிசுப்பு. பையைச் சாய்த்ததும் நூல் நூலாக இறங்கியது. வாடை அடித்தது. நனைந்த தோல் வாடை, நாள்பட்ட வேர்வை வாடை. அதற்கடியில் இனிப்பாக ஒன்று.

டப்பாவில் பெயர் ஒட்டாவிட்டாலும் உள்ளே இருப்பது என்னவென்று சொல்கிற மூக்கு அவருக்கு. வேர்வை இல்லை. மூத்திரம் இல்லை. படுக்கையிலேயே கிடந்து முதுகு வெந்துபோனவர்களின் புண்ணிலிருந்து கசியுமே, அந்த நீர். பையை அவிழ்த்து வீசினார். சீட்டைத் துடைத்தார். துடைத்த துணியை வீசினார். துணியைப் பிடித்த கையையும் வீச முடிந்தால் வீசியிருப்பார். இரண்டு பேரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால், இறங்குவதற்குச் சாக்கு தேடுகிறார் என்பார்கள். மறுபடி அரை என்பார்கள்.

ஏறி உட்கார்ந்தார். சதக்... என்றது.

அடுத்த இரண்டு மணி நேரம் சோப்பு முன்னால், ஒரு முழம் பின்னால் மாஸ்டர். திடீரென்று மாஸ்டர் தூ... தூ... என்று துப்பினார்.

"சோப்பு, ஒன் பாட்டில் ஒழுகுதா? வாயில அடிக்குதுய்யா."

"பாட்டில் காலி மாஸ்டர்."

"அப்ப இதென்ன... உப்புக் கரிக்குது. இனிப்பாவும் இருக்கு."

சோப்பு இருட்டில் கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் மாஸ்டர் நாக்கால் உதட்டைத் தடவிப் பார்க்கிற சத்தம்கூடக் கேட்டது. அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

இப்போது இரண்டு பத்து. வரிசை மாறிவிட்டது. மாஸ்டர் முன்னால், நடுவில் சோப்பு, கடைசியில் லைன்மேன். சாலை மேடேறத் தொடங்கியது. மேட்டில் எல்லோரும் சீட்டை விட்டு எழுந்து நின்றுதான் மிதிப்போம். சோப்பும் எழுந்தார்.

கிறீச்... கிறீச்... கிறீச்...

சத்தம் நிற்கவில்லை.

சீட்டில் ஆள் இருந்தால்தான் ஸ்பிரிங் கத்தும். ஆள் எழுந்துவிட்டார். ஆனாலும் கத்துகிறது. லைன்மேனின் விளக்கு நேராக அந்தச் சீட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"மாமா..." அவன் குரல் அவன் குரலாகவே இல்லை. "மாமா, வண்டிய நிறுத்துங்க."

"மேடு முடியட்டும்டா மாப்ளே."

"நிறுத்துங்க மாமா. நீங்க எந்திரிச்சிட்டீங்க... சீட்டு எந்திரிக்கல."

மூன்று பேரும் இறங்கினார்கள். சோப்பு ஹேண்டில்பாரை மட்டும் பிடித்துக்கொண்டார். சைக்கிள் மேல் யாரும் இல்லை. மூன்று விளக்கையும் சீட்டின் மேல் திருப்பினார்கள். இரண்டு ஸ்பிரிங்கும் சுருளோடு சுருள் ஒட்டி, எழுபது எண்பது கிலோ பாரம் உட்கார்ந்திருப்பது போல அமுங்கிக் கிடந்தன. தோல் தொய்ந்து, இரண்டு பள்ளமும் பளபளவென்று...

"துரு புடிச்சு எறுகிருச்சு" என்றார் மாஸ்டர். சொல்லிவிட்டு இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்து மேலே தூக்கினார். வரவில்லை. கையை எடுத்தபோது விரலுக்கும் தோலுக்கும் நடுவே பிசின் நூல் இழுத்தது. பையிலிருந்து ஸ்பேனர் சாவியை எடுத்து, சீட்டைக் கழற்றப் போல்ட்டில் மாட்டினார். சாவி வழுக்கியது. மறுபடி மாட்டினார். வழுக்கியது. மூன்றாவது தடவை தொட அவருக்கே மனம் வரவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. ரொம்ப நேரம் உட்கார்ந்து ஒரு பக்கம் மரத்துப்போனால் என்ன செய்வோம்? இடுப்பைக் கொஞ்சம் தூக்கி, பாரத்தை மறுபக்கம் மாற்றுவோம் இல்லையா... மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க, இடது ஸ்பிரிங் மெதுவாக நிமிர்ந்தது. வலது ஸ்பிரிங் இன்னும் அமுங்கியது.

கி...றீச்.

லைன்மேன் சாலை ஓரம் போய் வாந்தி எடுத்தான். மாஸ்டர் கையை மண்ணில் தேய்த்தார், தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். சோப்புக்கு மட்டும் ஒன்று புரிந்தது. விடிந்ததிலிருந்து முந்நூற்று எழுபது கிலோமீட்டர் அவர் சீட்டில் உட்கார்ந்து வரவில்லை. மடியில் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

அடுத்த முத்திரை இடம் எட்டு கிலோமீட்டரில். சைக்கிளை நடுச்சாலையில் போட்டுவிட்டு இருட்டில் என்ன செய்வது? அந்த எட்டு கிலோமீட்டரையும் சோப்பு நின்றுகொண்டே மிதித்தார். தொடை நடுங்கியது. ஒரு தடவைகூட உட்காரவில்லை. பின்னால் கிறீச் கிறீச் என்று, அவசரமே இல்லாமல், சத்தம் கூடவே வந்தது.

அது ஒரு பழைய லாரி ஷெட். ஒரு மேஜை, ஒரு விளக்கு. தலையில் மப்ளர் சுற்றிய ஒரு வயதானவர் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். மூன்று அட்டையிலும் குத்தினார். பிறகு அவர் பார்வை சோப்பின் சைக்கிள் மேல் போனது. எழுந்து வந்து சீட்டின் பின்பக்கம் குனிந்தார்.

"ஆறு ஆணியில ஒண்ணு மட்டும் செம்பு. இத நான்தான் மாத்திக் குடுத்தேன்... எங்க வாங்கினீங்க?"

சோப்பு சொன்னார். "அவரு வீட்டுல வித்துட்டாங்க போல" என்று வயதானவர் அந்தச் செம்பு ஆணியைத் தடவினார்.

"நாலு வருஷம் முன்னாடி, இதே அறுநூறு. இங்க முத்திரை வாங்கினாரு, டீ குடிச்சாரு, போனாரு. அடுத்த எடத்துக்கு வரல. மூணு நாள் தேடினோம். சைக்கிள் கெடச்சுது. ஒரு மைல்கல்லுல ஒழுங்கா சாய்ச்சு வெச்சிருந்துச்சு. ஆள் கெடைக்கல... இன்னிவரைக்கும்."

"சீட்டு?"

"நான்தான் சைக்கிள உருட்டிக்கிட்டு வந்தேன். மூணு நாள் பனியில கெடந்த சைக்கிள். சீட்டுல கை வெச்சேன்..." அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "சூடா இருந்துச்சு."

"எப்படிப்பட்டவரு?" என்று கேட்டார் சோப்பு. ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

"தங்கமான மனுஷன். கூட வர்றவங்க யாரையும் பாதியில விடமாட்டாரு."

ஷெட்டுக்கு வெளியே வேன் நின்றது. கதவு திறந்திருந்தது. உள்ளே நாலைந்து பேர் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். கால் நாற்றமும் தைலவாடையும் கலந்து வந்தது. மூன்றாவது வரிசையில் ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. இரண்டு வருடமும் அவர் உட்கார்ந்து வந்த அதே இடம்.

"மாமா, ஏறிடுங்க" என்றான் லைன்மேன். அவர் அசையவில்லை. அவன் தன் சைக்கிளை அவர் பக்கம் தள்ளினான். "இல்லன்னா... என் சைக்கிள நீங்க எடுத்துக்கங்க. நான் இதுல..." முடிக்க முடியவில்லை அவனால். வாயைப் பொத்திக்கொண்டான்.

"போடா. ஒன்ன இதுல உக்கார வெச்சுட்டு ஒங்க அக்கா மூஞ்சில எப்படிடா முழிப்பேன்?"

"அப்ப வேன்லயே போயிருங்க. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

சொல்லமாட்டார்கள். சிரிப்பார்கள். சோப்பு வேனைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். இருநூற்றிருபது கிலோமீட்டர் பாக்கி. நின்றுகொண்டே மிதிக்க எந்த மனிதனாலும் முடியாது. உட்கார்ந்தால் முடிக்கலாம். உட்காராவிட்டால் அரை. அவ்வளவுதான் கணக்கு.

சைக்கிள் பக்கத்தில் போய் நின்றார். பஸ்ஸில் பக்கத்து ஆளிடம் கேட்பது போல, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"கொஞ்சம் எடம் குடுங்க சார்."

ஸ்பிரிங் மெல்ல முனகியது. உட்கார்ந்தார்.

இனிமேல் நான் சொல்வது சோப்பே லைன்மேனிடம் ஒரே ஒரு தடவை சொன்னது. தோல் மாதிரியே இல்லையாம். தொடை. சதைப்பற்றுள்ள, சூடான, ஈரமான தொடை. துணியைத் தாண்டி முடிகூட உறுத்தியதாம். முதுகுக்குப் பின்னால் ஒரு வயிறு... மூச்சுக்கு மூச்சு உப்பி அடங்கியது. அந்த இனிப்பு வாடை அவர் தோளைத் தாண்டி முன்னால் வந்து மூக்கில் ஏறியது. வாயிலெல்லாம் உமிழ்நீர் சுரந்தது, துப்பிக்கொண்டே மிதித்தார். ஒவ்வொரு மிதிக்கும் அவருடைய தொடைக்கு அடியில் இன்னொரு தொடை சேர்ந்து அசைந்தது. இறங்கிவிடலாம், இறங்கிவிடலாம் என்று பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை நினைத்தார். மாமனாரின் சிரிப்பு காதில் விழும். மிதிப்பார்.

விடிந்தது. மற்ற இரண்டு பேரும் வலியில் முனகினார்கள். மாஸ்டருக்குக் கை மரத்துப்போனது, லைன்மேனுக்கு முழங்கால் வீங்கியது. சோப்புக்கு மட்டும் ஒரு வலியும் இல்லை. ஒரு சிவப்புகூட இல்லை. அதை நினைத்தால்தான் அவருக்கு இன்றைக்கும் உமட்டும். எட்டு மணி வெயிலில், நேரான சாலையில், கண் சொக்கியபோது திடுக்கிட்டு ஒன்றைக் கவனித்தார். அவர் பின்னால் சாய்ந்துகொண்டிருந்தார். சைக்கிளில் சாய எதுவுமே கிடையாது. ஆனால் முதுகு எதன் மேலோ சுகமாகச் சாய்ந்திருந்தது.

இரவு ஏழு நாற்பதுக்கு முடிந்தது. ஒரு மணி இருபது நிமிடம் மீதி. கடைசி முத்திரை விழுந்தது. அறுநூறு. முழுசு. சோப்பு சைக்கிளை விட்டு இறங்கினார். இறங்கிய நொடியில்... டங்! இரண்டு ஸ்பிரிங்கும் துள்ளி நிமிர்ந்தன. தோல் விறைத்தது. பயந்து பயந்து விரல் நுனியால் தொட்டார். ஜில். காய்ந்த தோல். மறுபடி உள்ளங்கையை வைத்தார். ஜில்தான்.

"போயிட்டாருடா மாப்ளே!" என்று கத்தினார். இருட்டில் எழுந்த பயம் எல்லாம் சிரிப்பாக வந்தது அவருக்கு. லைன்மேன் அவரைக் கட்டிக்கொண்டான். மாஸ்டர், "யோவ் சோப்பு, சாதிச்சுட்டய்யா" என்று முதுகில் அறைந்தார். கழுத்தில் பதக்கத்தை மாட்டிவிட்டார்கள். மனைவிக்குப் போன் பண்ணினார். "முடிச்சுட்டேன். முழுசா" என்றார். மாமனாரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி அவரிடமும் சொன்னார். கை கால் முகம் எல்லாம் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். பதக்கத்தையும் கழுவினார்.

பிறகு வாசல் படியில் வந்து உட்கார்ந்தார். லைன்மேன் காரை எடுத்துவரப் போயிருந்தான். மாஸ்டர் சைக்கிள்களை ஓரமாக நிறுத்தினார். நல்ல காற்று. சோப்பு இரண்டு காலையும் சேர்த்து, கையை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரியத்தை முடித்த மனிதராக நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

கார் வந்து நின்றது.

"எந்திரி சோப்பு, வண்டி வந்துருச்சு." மாஸ்டர் கையை நீட்டினார்.

சோப்பு கையைப் பிடிக்கவில்லை. குனிந்து தன் தொடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டரும் பார்த்தார். இறுக்கமான கறுப்புக் கால்சட்டை. அதற்கு அடியில், இரண்டு தொடையிலும், சதை மெல்ல மெல்ல உள்ளே போனது. சீட்டில் இருந்தது போலவே இரண்டு பள்ளம். கண் பார்க்கப் பார்க்க ஆழமாகின. துணியில் ஈரம் படர்ந்தது. அந்த இனிப்பு வாடை வந்தது.

ஒரு முடிக்கே சோப்பைத் தூக்கி எறிகிற மனிதர் முகம் சுளிக்கவில்லை. கத்தவில்லை. பஸ்ஸில் வயதானவருக்கு இடம் விட்டவர் போல, மரியாதையாக, முதுகை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாஸ்டரைப் பயமுறுத்தியது அதுதான்.

"கொஞ்சம் இருங்க மாஸ்டர்..." என்றார் மெதுவாக. "அவரு இன்னும் எந்திரிக்கல."